கொழுந்தன் பைக்கில் என் பிள்ளைகள்: போலீஸ் எப்படிப் பிடிக்கும்?

வாசகி கேள்வி: எங்களுக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு மூன்றரை. இரண்டு பேரும் கும்பகோணத்தில் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். காலையில் கொழுந்தன்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். வயது 19. எல்.எல்.ஆர். வைத்திருக்கிறான். வண்டி என் பெயரில் இருக்கிறது. போன வாரம் என் போனுக்கு ஒரு சலான் வந்தது. மணிக்கு 84 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருந்தது. கூட இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெட்ரோல் டேங்க் மேல் என் மகன் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் "ரோடு காலியாத்தான் இருந்துச்சு அண்ணி" என்கிறான். மாமியார் "அவன் கை சுத்தம், ஒரு தடவைகூட விழுந்ததில்லை" என்கிறார். அவன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறான், அதனால் ஸ்டேஷனுக்கெல்லாம் போகாதே என்று வீட்டுக்காரர் சொல்கிறார். போலீஸ் இவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்? பிள்ளைகள் வண்டியில் இருக்கும்போது துரத்தினால் என்ன ஆகும்? கேஸ் வந்தால் அவன் வேலை போய்விடுமா? வண்டி கிளம்பிப் போனதிலிருந்து பள்ளியில் விட்டாச்சு என்று போன் வரும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதில் தருபவர்: போக்குவரத்துக் காவல் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

அன்புள்ள அம்மா,

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். எல்.எல்.ஆர். வைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் பேச வேண்டும்.

எல்.எல்.ஆர். வண்டி பழகுவதற்காகக் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் வண்டியில் "எல்" என்று எழுதியிருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர், அதுவும் உரிமம் உள்ளவர், பின்னால் உட்காரலாம். அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த நிபந்தனையை மீறினால் எல்.எல்.ஆர். இருந்தும் இல்லாத கணக்குத்தான். உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 181வது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அப்படிப்பட்டவர் கையில் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180வது பிரிவு. அதிலும் தொகை 5,000 ரூபாய்தான், சிறைக்காலமும் அதேதான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர் என்பதால் உரிமையாளர் நீங்கள்.

இன்னும் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் போகலாம் என்பது 128வது பிரிவு. சின்னப் பிள்ளைதானே என்று நாம் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். சட்டம் அப்படி விடவில்லை. அவனும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் மூன்று பேர். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும், அதனால் உங்கள் மகளுக்குக் கட்டாயம். மகனைப் போல ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையின் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் போட வேண்டும். பிள்ளையை ஓட்டுகிறவரின் உடம்போடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் மகன் போனது 84ல், அதுவும் டேங்க் மேல், எந்தப் பிடிமானமும் இல்லாமல்.

உங்களைப் பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. தம்பியை யாராவது பிடிக்க மாட்டார்களா என்று நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவனைத் தடுக்க முழு உரிமை உள்ள ஆள் நீங்கள்தான், சட்டப்படியே நீங்கள்தான் என்பதைக் காட்டத்தான் எழுதினேன்.

இப்போது போலீஸ் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம்.

உங்களுக்கு வந்த சலான் வேகத்தை அளக்கும் கருவியிலிருந்து வந்திருக்கிறது. சாலையோரம் ஜீப்பிலோ, முக்காலி மேலோ வைத்திருப்பார்கள். லேசர் வகைக் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை நொடிக்கு நூற்றுக்கணக்கில் வண்டி மேல் அனுப்பும். ஒவ்வொன்றும் பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்து வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். அடுத்தடுத்த கணக்கில் தூரம் எவ்வளவு குறைகிறதோ அதுதான் வேகம். அரை நொடிக்குள் முடிந்துவிடும். ஒளிக்கற்றை மெல்லியது என்பதால் சில நூறு மீட்டர் தள்ளி வருகிற கூட்டத்திலும் ஒரே ஒரு வண்டியைக் குறிவைக்க முடியும். வண்டி எண் தெரிகிற மாதிரி படம், வேகம், இடம், தேதி, நேரம் எல்லாம் ஒன்றாகப் பதிவாகும். எதிரே வருகிற வண்டியையும் அளக்கலாம், தாண்டிப் போகிற வண்டியையும் அளக்கலாம். ஓட்டுகிறவன் போலீஸைப் பார்த்துப் பிரேக் பிடிக்கிற நேரத்தில் பதிவு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இது போலீஸ் இஷ்டத்துக்குச் செய்கிற வேலையும் இல்லை. 2021ல் வந்த 167ஏ விதிப்படி கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கும் சாலை என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்தால் குறித்த நாளுக்குள் உரிமையாளருக்குத் தகவல் போக வேண்டும். உங்கள் போனுக்கு வந்தது அந்தத் தகவல்தான். பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கிற உச்ச வேகம் நடுவில் தடுப்பு உள்ள நாலுவழிச் சாலையில் 80, நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 60. உள்ளூரில் இதைவிடக் குறைத்துப் பலகை வைத்திருந்தால் அந்தக் கணக்குத்தான். நாலுவழிச் சாலையாகவே இருந்தாலும் 84 அந்த உச்ச வேகத்தைத் தாண்டியது என்பதைக் கவனியுங்கள்.

ஊருக்குள் நுழையும் இடங்களிலும் சிக்னல்களிலும் இருக்கிற கேமராக்கள் வண்டி எண்ணைத் தானாகவே படிக்கும். இதற்குப் பயந்து நம்பர் பிளேட்டை மடக்கி விடுகிற, அதன்மேல் எதையாவது கட்டி மறைக்கிற பையன்கள் உண்டு. சோதனையில் நிற்கிற காவலர் கண் முதலில் போவது அந்தப் பிளேட்டுக்குத்தான். உங்கள் வண்டியின் பிளேட் நேராக இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கருவி வேகத்தைப் பதிவு செய்யும், வண்டியை நிறுத்தாது. படம் எடுத்த பிறகும் உங்கள் மகன் அதே டேங்க் மேல், அதே வேகத்தில்தான் கும்பகோணம் போய்ச் சேர்ந்தான். போலீஸ் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் இன்னொரு காலை அவனை அனுப்பாதீர்கள்.

சரி, துரத்துவார்களா? துரத்தக் கூடாது. பின்னால் போலீஸ் வண்டி வருகிறது என்று தெரிந்தால் 19 வயசுப் பையன் இன்னும் முறுக்குவான். அவன் கண் முன்னால் இருக்கிற சாலையில் இருக்காது, பக்கக் கண்ணாடியில் இருக்கும். பிடிபட்டால் அபராதத் தொகையோடு போய்விடும். துரத்தலில் விழுந்தால் போவது பின்னால் இருக்கிற பிள்ளையின் உயிர். 2018 மார்ச்சில் நம் தஞ்சாவூர்ச் சாலையில், திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் நடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் ஆய்வாளர் துரத்திப் போனார். பின்னால் இருந்த பெண் கீழே விழுந்து இறந்துபோனார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். மக்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து போராடினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. காக்கி உடுப்புப் போட்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அது வேதனையும் பாடமும்.

ஒழுங்காகச் செய்கிற காவலர் எப்படிச் செய்வார் தெரியுமா? வேகம் தானாகவே குறைகிற இடத்தில் நிற்பார். பாலத்து ஏற்றம், வேகத்தடை, ரயில்வே கேட், பள்ளி வாசல் மாதிரி இடங்கள். நடுரோட்டில் திடீரென்று குதிக்க மாட்டார். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நின்று கை காட்டுவார். ஹேண்டில் பாரைப் பிடித்து இழுக்க மாட்டார், ஓடுகிற வண்டியில் சாவியைப் பிடுங்கப் போக மாட்டார். நிற்காமல் போனால் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்வார். அங்கேயும் தப்பினால் எண்ணை வைத்து உரிமையாளர் வீட்டுக்கே போகலாம். உரிமம் இல்லாமல் ஓட்டிய வண்டியை 207வது பிரிவின்படி பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. பிள்ளைகள் இருக்கிற வண்டி என்றால் அவசரப்படாமல் இருப்பதுதான் நல்ல காவலுக்கு அடையாளம்.

"அவன் கை சுத்தம்" என்று உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை, மகன் மேல் நம்பிக்கை அதிகம். அவன் நன்றாகவே ஓட்டலாம். ஆனால் நம் டெல்டாச் சாலை நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு இருப்பதில்லை. குறுவை அறுப்பிலும், தை மாசியில் சம்பா அறுப்பிலும் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காயப்போட்ட நெல்லைச் சுற்றிக் கல்லோ கட்டையோ வைத்திருப்பார்கள். நெல்மணி மேல் சக்கரம் ஏறினால் பிடி விட்டுப்போகும். பனியில் நனைந்த வைக்கோல் அதைவிட மோசம். வயலிலிருந்து கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரம்) ஏறுகிற டிராக்டர் தார் மேல் சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும், காலை வெயிலில் மேல்பக்கம் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு வந்த லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நிற்கும். அறுவடை இயந்திரம் சாலையின் முழு அகலத்துக்கும் எதிரே வரும். மார்கழியில் மூடுபனி வேறு.

அப்புறம் ஆற்றங்கரைச் சாலைகள். குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு எல்லாவற்றுக்கும் கரைதான் சாலை. ஆறு வளைகிற இடத்தில் சாலையும் வளையும், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. மதகடியில் சாலை சட்டென்று குறுகும், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் பாதி இடிந்திருக்கும். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல் அல்லது வாய்க்கால். விலகி ஓரம் கட்ட இடமே கிடையாது. காலி ரோடு என்று தம்பி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நம் ஊரில் காலி ரோட்டில்தான் ஆடு ஏறும், மாடு ஏறும், களைக்கொட்டோடு ஒரு பாட்டி ஏறுவார்.

இதில் 84 கிலோமீட்டர் வேகம் என்ன செய்யும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். 60ல் போகிறவன் அந்த நேரத்துக்குள் 25 மீட்டர் போய்விடுவான். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த நல்ல தார்ச் சாலையில் இன்னொரு 23 மீட்டர். ஆக 48 மீட்டரில் நிற்பான். 84ல் போகிறவன் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 35 மீட்டர் போயிருப்பான். முழுசாக நிற்கக் கிட்டத்தட்ட 80 மீட்டர் வேண்டும். 60ல் வந்தவன் நின்றுவிட்ட அதே 48வது மீட்டரில் இவன் இன்னும் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். 40ல் வந்திருந்தால் 27 மீட்டர் போதும். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நெல்லோ வைக்கோலோ கிடந்தால் இந்தத் தூரமெல்லாம் இன்னும் கூடும்.

பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் பாரைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பிடித்தால் ஓட்டுகிறவனால் வண்டியைத் திருப்ப முடியாது. சடன் பிரேக் போட்டால் பிள்ளையின் முகம் மீட்டரில் போய் மோதும், பின்னாலிருந்து பெரிய ஆளின் எடை முழுவதும் பிள்ளை மேல் வந்து அழுத்தும். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துக்குப் பலம் குறைவு. தூக்கி எறியப்பட்டால் தலைதான் முதலில் தரையைத் தொடும். காலைக் காற்றில் மூன்றரை வயதுப் பிள்ளை தூங்கியும் போகும்.

பின்னால் உட்காரும் மகளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 8 வயதில் பல பிள்ளைகளுக்குக் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாது. தொங்குகிற கால் சக்கரக் கம்பிக்குள் போய்க் குதிகால் கிழிந்து வருகிற பிள்ளைகளை அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். முதுகில் மாட்டியிருக்கிற புத்தகப் பை, வண்டி சட்டென்று முறுக்கிக் கிளம்பும்போது அவளைப் பின்னால் இழுக்கும். ஓட்டுகிறவனுக்கு முறுக்கப் போகிறோம் என்று முன்பே தெரியும். பின்னால் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது?

இன்று ராத்திரியே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஆர்.சி.யும் இன்சூரன்ஸ் தாளும் உங்களிடம் இருக்கட்டும். அந்த இன்சூரன்ஸ் தாளை ஒரு முறை படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்று இருந்தால், நம் வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்குப் பொதுவாக அதிலிருந்து இழப்பீடு வராது. அதாவது உங்கள் பிள்ளைகளுக்கே வராது. எதிரில் வந்த வேறு யாருக்காவது அடிபட்டு, ஓட்டியவனிடம் முறையான உரிமம் இல்லை என்றால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்புகள் வருகின்றன. சிங்கப்பூரில் உங்கள் வீட்டுக்காரர் வேர்வை சிந்திச் சேர்க்கிற பணம் அது. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பைக் இல்லாமல் பள்ளிக்கு எப்படி அனுப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பள்ளி வேன் மெயின் ரோடு வரை வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் பிள்ளைகளோடு அதுவரை நடந்துபோய் ஏற்றிவிடலாம். வேன் கட்டணம் கூடுதலாக இருக்கலாம், அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு டவுன் பஸ்ஸில் நீங்களே கொண்டுபோய் விட்டாலும் சரி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஒரே தெருவிலிருந்து போகிற நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆட்டோ பேசுவதும் நம் ஊர்களில் வழக்கம்தான். அதிலும் அளவுக்கு மேல் அடைக்காத ஓட்டுநராகப் பாருங்கள்.

வந்திருக்கிற சலானைக் கட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன்னால் பரிவாகன் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, அது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸாப்பில் சலான் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பை (போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கையே துடைக்கிற கும்பல்கள் இருக்கின்றன. அப்படி எது வந்தாலும் தொடாதீர்கள். படத்தை மட்டும் அழிக்க வேண்டாம், அது உங்களுக்குத் தேவைப்படும்.

இனி தம்பியின் வேலை விஷயம். அபராதம் கட்டி முடிந்துபோகிற சலான் வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. இப்போது வந்திருப்பது சலான். காவலர் தேர்வில் ஜெயித்த பிறகு நன்னடத்தை விசாரணை நடக்கும், கிரிமினல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். வேகமாகப் போய் யாரையாவது இடித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 281வது பிரிவில் வழக்கு. உயிர் போனால் 106வது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. போலீஸ் வேலைக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது, நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வதில் இல்லை. வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் புரிந்தால் அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அவர் மகனே போனில் "அம்மா, தம்பிக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் பசங்கள ஏத்தக் கூடாது" என்று சொல்லட்டும். அண்ணி சொன்னாள் என்பதை விட அண்ணன் சொன்னான் என்பது அந்த வீட்டில் சுலபமாக இறங்கும்.

தம்பியிடம் பேசுவதை யோசித்துச் செய்யுங்கள். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், அவன் கூட்டாளிகள் முன்னால் கண்டிப்பாக வேண்டாம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஓய்ந்த நேரத்தில் அந்தப் படத்தை அவன் கையில் கொடுங்கள். திட்ட வேண்டாம். அவன் கெட்ட பையன் இல்லை. தினமும் காலையில் எழுந்து அண்ணன் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற பையன். "இன்னும் வேகமா சித்தப்பா" என்று பிள்ளைகள் கத்தினால் எந்த இளவட்டத்துக்கும் கை தானாக முறுக்கும். அவனிடம் கேளுங்கள்: "நாளைக்கு நீ யூனிபார்ம் போட்டு ரோட்டில் நிற்கும்போது, மூணு வயசுப் பிள்ளையை டேங்க்கில் வைத்துக்கொண்டு ஒருத்தன் 84ல் வந்தால் என்ன செய்வாய்?" பதிலை அவனே சொல்லட்டும். மறுநாள் இரண்டு பேரும் தெருவுக்குப் போய் வாசலிலிருந்து 80 மீட்டரை அளந்து பாருங்கள். நடந்து பார்த்தால் நூறு காலடிக்கு மேல் வரும். எத்தனை வீட்டு வாசலைத் தாண்டுகிறது, அந்த வாசல்களில் எத்தனை பிள்ளைகள் விளையாடுகின்றன என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். நான் எழுதியதைவிட அது அவன் மனதில் நிற்கும்.

இவ்வளவுக்கும் மேல் கேட்கவில்லை, இன்னொரு சாவி போட்டு எடுத்துப் போகிறான் என்றால் தயங்காமல் உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஒரு வெள்ளைத் தாளில் வண்டி எண், போகிற நேரம், வழி, பள்ளி எங்கே இருக்கிறது, வண்டியின் உரிமையாளர் நீங்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் ஓட்டுகிறான் என்பதை எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உதவி ஆய்வாளரிடம் ஒரு வேண்டுகோளையும் வையுங்கள். பிள்ளைகளோடு போகும்போது நிறுத்த வேண்டாம், அவர்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்பும்போது நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் சித்தப்பாவைப் போலீஸ் பிடித்தது என்ற பயமும் இருக்காது, வண்டியில் உயிர்களை வைத்துக்கொண்டு அவன் தப்பி ஓடப் பார்ப்பதற்கும் வாய்ப்பிருக்காது. பெற்ற தாய் நேரில் வந்து இப்படிக் கேட்டால் நல்ல அதிகாரி மறுக்க மாட்டார். பெரும்பாலும் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி அனுப்புவார்கள்.

உங்கள் கொழுந்தனுக்கு 19 என்பதால் ஒரு சட்டப் பிரிவிலிருந்து வீடு தப்பித்தது. 18 முடியாத பையன் கையில் வண்டி கொடுத்திருக்கிற மற்ற வாசகர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பையன் செய்த குற்றத்துக்குப் பெற்றோர் அல்லது உரிமையாளர் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதாது, தெரியாது என்பதையோ, தடுக்க உரிய முயற்சியெல்லாம் செய்தேன் என்பதையோ நிரூபிக்க வேண்டியது பெற்றோர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு.

தம்பி விஷயத்துக்கே திரும்பி வருகிறேன். அவன் வண்டியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆகியிருந்தால் டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்தில் அது காலாவதியாகும், தேதியைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு முறையாக லைசென்ஸ் வாங்கட்டும். எட்டுப் போட வேகம் உதவாது, மெதுவாக ஓட்டும்போதுதான் கையின் சுத்தம் தெரியும். லைசென்ஸ் வந்த பிறகு அவசரத்துக்கு மகளை மட்டும் ஏற்றிப் போகலாம். அவளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, தலையில் ஆடாமல் உட்காருகிற ஹெல்மெட் வாங்குங்கள். பெரியவர்கள் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் விழும்போது கழன்றுவிடும், அதனால் அவளைக் கடைக்கே கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையைக் கட்டச் சொல்லிக்கொடுங்கள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் வண்டியில் வைத்துக் கட்டட்டும். கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டவில்லை என்றால் அவளும் இப்போதைக்கு வேனிலேயே போகட்டும்.

மகனை டேங்க் மேல் வைப்பது இன்றோடு நின்றுவிட வேண்டும், லைசென்ஸ் வந்தாலும் சரி, வீட்டுக்காரரே ஊருக்கு வந்து ஓட்டினாலும் சரி. சாவி வாங்கிய பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். தம்பி டெஸ்ட்டில் தேறினால் அதையும் எழுதுங்கள், காவலர் தேர்வுக்கு என்ன படிக்க வேண்டும் என்று அவன் கேட்டால் நானே பதில் போடுகிறேன்.